சாக்கு தன் பெயரைச் சொல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், இனிமேல் களஞ்சியத்தில் சாக்கை எண்ணத் தேவையில்லை, சாக்கே தன் பெயரைச் சொல்லிவிடும் என்று. சும்மா எழுதிய வரி அது. அதற்கு இத்தனை கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதே கதைதான்: சாக்கிலும் பெட்டியிலும் ஒட்டுகிற, வானொலி அலையால் தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்ற சின்ன மின்னணு அடையாளத் துண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இஞ்சினியர் இல்லை. ஒரு தோட்டத்து ஸ்டோரில் எழுதுவினைஞராகத் தொடங்கி, பிறகு கொழும்பில் தேயிலைக் களஞ்சியத்தில் சாக்கு எண்ணியே தலை நரைத்தவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் என் பதில்கள் வரும்.

ஐயா, ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்பதும் கியூஆர் மாதிரித்தானே? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். – உயர்தர மாணவி, தலவாக்கலை

இல்லை பிள்ளை. 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், ஆனால் அப்பாவிடம் கேட்டால் சொல்வார். மழையில் நனைந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்ட, பெற்றோல் செட் பையன் போனைத் தூக்கியும் சாய்த்தும் மூன்று தரம் பார்த்து, "வெளிச்சத்துக்குப் பிடிங்க" என்பான். கியூஆருக்கும் பார்கோடுக்கும் கண் வேண்டும். கமராவோ லேசரோ அதை நேரே பார்த்தாக வேண்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக.

டேக்கைப் பார்க்கத் தேவையில்லை, அது வானொலி அலையில் பேசுவது. அட்டைப் பெட்டிக்குள் இருந்தாலும் பரவாயில்லை, நூறு டேக் ஒன்றாகக் கிடந்தாலும் ரீடர் என்கிற படிக்கும் கருவி ஒரு சில நொடியில் நூறையும் கேட்டு முடித்துவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கடைச் சவர்க்காரத்தில் இருக்கும் பார்கோட், இது இன்ன சவர்க்காரம் என்று மட்டும்தான் சொல்லும், ஒரே வகைக் கட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்தான். டேக்கில் பொதுவாக 96 பிட் நீளமான எண் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு கட்டிக்கும் தனி எண் கொடுத்தாலும் தீராது.

உங்கள் வகுப்பில் யாராவது கேட்டிருப்பார்கள், பட்டரி இல்லாமல் அது எப்படிப் பேசும் என்று. சின்ன வயதில் நாங்கள் எதிர்மலை லயத்துப் பொடியன்களுக்கு உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அடிப்போம். மூன்று தரம் மின்னினால் "விளையாட வா", நிறுத்தாமல் மின்னினால் "தொரை வாறார்". வெளிச்சம் நம்முடையது இல்லை, சூரியனுடையது. நாம் செய்ததெல்லாம் கண்ணாடியைக் காட்டுவதும் மறைப்பதும்தான். பட்டரி இல்லாத டேக் செய்வதும் இதே வேலை. ரீடர் அலையை அனுப்புகிறது, டேக் அதிலிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துத் தனக்குள் இருக்கும் சில்லை (சிப்) எழுப்பிக்கொண்டு, மீதியைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அடிக்கிறது. திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்கத்தில்தான் அந்த எண் இருக்கிறது. இப்படித் திரும்பி வரும் சக்தியைக் கொண்டே செய்தி சொல்லலாம் என்று ஹாரி ஸ்டொக்மன் என்ற பொறியியலாளர் 1948இலேயே எழுதிவிட்டார், மலிவான சில்லு வருவதற்குத்தான் அரை நூற்றாண்டு ஆனது.

இதை முதலில் கையில் எடுத்தது இராணுவம் என்கிறார்களே, துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு ஏன் இந்தச் சரக்குக் கணக்கு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹற்றன்

சேர், போரில் பாதி சரக்குக் கணக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். தரையிலிருந்து ரேடார் அலை பட்டதும் அது பதில் அனுப்பும், பதில் வந்தால் நம்ம ஆள், வராவிட்டால் எதிரி. இந்தத் தொழில்நுட்பத்தின் தாத்தா என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சரக்குப் பக்கம் வந்தது 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு. அமெரிக்கா அந்தப் போருக்கு ஏறக்குறைய 40,000 கொள்கலன்களை அனுப்பியது. அவற்றில் சுமார் 25,000 கொள்கலன்களை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே திறந்து தேட வேண்டியிருந்ததாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், பாலைவன வெயிலில் இரும்புப் பெட்டிகள் மலை மாதிரிக் குவிந்து கிடக்கின்றன, டாங்கிக்கு ஒரு உதிரிப்பாகம் வேண்டும், அது எந்தப் பெட்டியில் என்று ஒருவருக்கும் தெரியாது. உடனே என்ன செய்வார்கள்? இன்னொன்றை ஓடர் பண்ணுவார்கள். அதுவும் வந்து அதே குவியலில் சேரும். பிறகு மூன்றாவது ஓடர். எங்கள் ஸ்டோரில் இயந்திரத்து பெல்ட் விஷயத்தில் இதேதான் நடந்தது. ஒரு பெல்ட் தேவைப்பட்டு நாலு வாங்கினோம், முதலாவது மூன்று வருடம் கழித்து உரமூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. உலகத்தில் பெரிய படையென்ன, தோட்டத்து ஸ்டோரென்ன!

அதற்குப் பிறகு அவர்கள் கொள்கலன்களில் பட்டரி உள்ள டேக்குகளைப் போட ஆரம்பித்தார்கள். ஒரு சாண் நீளம் வரும், 433 மெகாஹேர்ட்ஸ் அலையில், நூறு மீட்டர் அளவு தூரத்திலிருந்தே பேசும், உள்ளே என்ன என்ற பட்டியலையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 2003 ஈராக் போருக்கு முன்பே அங்கே போகும் கொள்கலன்களிலும் விமானச் சரக்கிலும் டேக் இருந்தே ஆக வேண்டும் என்று தளபதி டொமி ஃபிராங்ஸ் உத்தரவு போட்டார். அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? அதே 2003 டிசம்பரில் அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அனுப்பியதாக எழுதிய பொருளுக்கும் வந்து சேர்ந்ததாக எழுதிய பொருளுக்கும் இடையில் 1.2 பில்லியன் டொலர் வித்தியாசம். டேக் இருந்தும்தான் இது! சில பெட்டிகளில் டேக்கே இல்லை, சிலவற்றில் ஒரே பெட்டிக்குள் நாலு முகாமுக்கான சாமான்களைக் கலந்து போட்டிருந்தார்கள், நடுவழியில் பிரித்து அடுக்கியபோது கணக்கை யாரும் மாற்றவில்லை.

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், டேக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் இந்த வாசலைக் கடந்தேன்." தன்னோடு ஒட்டியிருந்த சாமான் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டேக் ஒரு பக்கம் போகச் சாமான் இன்னொரு பக்கம் போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் எதிரியும் அந்த டேக்கைப் படித்துவிட மாட்டானா? – அதே ஆசிரியர்

படிக்கலாம் சேர், அதனால்தான் எல்லாவற்றிலும் ஒட்டுவதில்லை. அமெரிக்காவில் சில ஆயுதக் கிடங்குகளில் துப்பாக்கிக்கே டேக் வைத்து எண்ணுகிறார்கள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணுவதைவிட எவ்வளவோ வேகம். ஆனால் 2021இல் இது செய்தியானபோது, போர்க்களத்துக்குப் போகிற துப்பாக்கியில் டேக் வைத்தால் சிப்பாயின் இருப்பிடம் வெளியே தெரிந்துவிடும் என்று அவர்களுடைய பாதுகாப்புத் தரப்பிலேயே எதிர்ப்பு இருந்தது தெரியவந்தது. மரைன் படை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அண்ணா, நான் கட்டுநாயக்கவில் தைக்கிறேன். நாங்கள் தைக்கும் சில உடுப்பின் லேபலுக்குள் வெள்ளிக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அது நம்மைக் கண்காணிக்கவா? உடம்புக்குக் கெடுதியா? – பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருத்தி

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் தங்கச்சி, நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் சில்லு. வெள்ளிக்கோடு அதன் அன்டெனா. தானாக அலை எதையும் அனுப்பாது, ரீடர் பக்கத்தில் வந்தால்தான் உயிர் வரும், ஆகவே உடம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். கண்காணிப்பது உங்களையும் இல்லை, அந்தச் சட்டையை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் வோல்மார்ட் கடைத்தொடர் 2003இல் ஒரு அறிவிப்பு விட்டது, தங்களுக்குச் சரக்குத் தரும் முதல் 100 நிறுவனங்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பலட்களிலும் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டுகள்) டேக் ஒட்டியே அனுப்ப வேண்டும் என்று. அதே ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் அதே மாதிரிச் சொன்னது, அவர்களுக்கும் 2005 ஜனவரிதான் தொடக்கம். பெட்டி உணவு, உடுப்பு, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் டேக், மணல், நிலக்கரி மாதிரி மொத்தமாகக் கொட்டும் சரக்குக்கு விலக்கு. உலகத்தில் மிகப் பெரிய கடையும் மிகப் பெரிய படையும் ஒரே நேரத்தில் கேட்டால் யார் மறுப்பது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சரக்குத் தருகிறவர்கள் மறுக்கவில்லை. ஆனால் லொறியில் ஏற்றுவதற்குச் சற்று முன்னால், கடமைக்கு ஒரு டேக்கை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பின்னே என்ன செய்வார்கள்? டேக் வாங்கும் காசு அவர்களுடையது, ஒட்டும் வேலையும் அவர்களுடையது, பலன் முழுக்கக் கடைக்காரனுக்கு. இத்தனைக்கும் பலன் இல்லாமல் இல்லை. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2005இல் வோல்மார்ட் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, டேக் உள்ள கடைகளில் தட்டு காலியாகக் கிடப்பது 16 சதவீதம் குறைந்திருந்தது. இருந்தும் சில வருடங்களில் அந்தத் திட்டத்தின் சத்தம் அடங்கிப்போனது.

உடுப்பில் மட்டும் அது மறுபடி உயிர் பெற்றது. உடுப்புக் கடைக்காரனின் தலைவலி வேறு. ஒரே சட்டை ஐந்து அளவு, ஆறு நிறம். நீல நிறத்தில் மீடியம் கேட்டு வருகிற ஆளுக்கு, அது பின்னறையில் கிடக்கும்போதே "முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்புவார்கள். துணிக்குள் அலையைத் தடுக்கும் தண்ணீரும் இல்லை, இரும்பும் இல்லை என்பதால் டேக் நன்றாகவே பேசும், கையில் ரீடரைப் பிடித்துக்கொண்டு கடையை ஒரு சுற்று நடந்தால் ஆயிரக்கணக்கான உடுப்பை எண்ணி முடிக்கலாம். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2003இலேயே சோதித்துப் பார்த்தது, ஸாரா கடைகளை நடத்தும் இன்டிடெக்ஸ் 2014இல் அறிவித்தது, வோல்மார்ட்டும் 2010இல் ஜீன்ஸிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. தைக்கிற இடத்திலேயே லேபலோடு லேபலாக வைத்துவிடுவதால் ஒட்டுகிற வேலையும் தனியாக இல்லை. அந்த வேலை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். லேபல் கூடினதற்கு, ஒரு உடுப்பைத் தைக்கத் தரும் நிமிடக் கணக்கைக் கூட்டித் தந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்!

கண்காணிப்புப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2003இல் பெனெட்டன் நிறுவனம் உடுப்பில் டேக் தைக்கப்போவதாகச் செய்தி வந்ததும் வாடிக்கையாளர் அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன, கம்பனி பின்வாங்கியது. அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் பிறகு வந்த டேக் தரநிலையில், கடவுச்சொல் கொடுத்து டேக்கை நிரந்தரமாகச் சாகடிக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் அதற்குக் கத்தரிக்கோலே போதும்.

எங்கள் ஸ்டோரிலும் சாக்குக்கு டேக் ஒட்டலாமா என்று பேச்சு வருகிறது. வாங்குபவர்கள் எதிர்பார்க்கிறார்களாம். உங்கள் அபிப்பிராயம்? – தொழிற்சாலை எழுதுவினைஞர், லிந்துலை

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இந்தப் பரீட்சையில் நான் உட்கார்ந்து பெயிலானவன்.

நான் வேலை செய்த களஞ்சியத்தில், பெயர் வேண்டாம், ஒரு வெளிநாட்டு வாங்குபவருக்காகச் சோதனை ஒன்று வைத்தார்கள். வாசலின் இரண்டு பக்கமும் தூண், தூணில் அன்டெனா. ஒரு பலட்டில் 20 சாக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு டேக். ஃபோர்க்லிஃப்ட் வாசலைக் கடக்கிறது, திரையில் 7 என்று வருகிறது. திருப்பி எடுத்து மெதுவாகக் கொண்டுபோனால் 9. டை கட்டிய இரண்டு பேர் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நானும் சாக்குச் சுமக்கும் நாட்டாமிமாரும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

காரணம் நம் சாக்கிலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துப் பலகைப் பெட்டியிலும் சரி, இப்போதுள்ள கடதாசிச் சாக்கிலும் சரி, ஈரம் புகாமல் இருக்க உள்ளே அலுமினியத் தாள் உண்டு. ஒரு கடதாசிப் படலத்துக்கு இந்தப் பக்கம் டேக்கைத் தட்டையாக ஒட்டினால், அந்தப் பக்கம் உலோகம். டேக்கின் அன்டெனா உலோகத்தோடு ஒட்டிக்கிடந்தால் அதற்குச் சக்தியே சேராது, கண்ணாடித் துண்டைச் சேற்றில் அழுத்திவைத்த மாதிரி. நடுவில் இருக்கும் சாக்குகளைச் சுற்றியுள்ள சாக்குகளின் அலுமினியம் மறைத்துவிடுகிறது. அவ்வளவு நேரமும் சும்மா நின்ற ஒரு நாட்டாமி, பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து, "ஐயா, இத கொடி மாதிரி வெளிய நீட்டி ஒட்டினா என்ன?" என்றார். ஒட்டினோம். பாதி சாக்கோடும் பாதி காற்றிலும். 20க்கு 19. கைதட்டல்.

அப்புறம் அதே பலட்டை லொறியில் ஏற்றி, இறக்கி, இன்னொரு களஞ்சியத்தில் அடுக்கினார்கள். கொடிகளில் பாதி பிய்ந்து லொறித் தட்டில் கிடந்தன. மறுநாள் அந்த வெறும் லொறி வாசலைக் கடந்தபோது திரையில் எட்டுச் சாக்கு தேயிலை வந்து சேர்ந்ததாகக் காட்டியது. சாமான் ஒரு பக்கம், டேக் ஒரு பக்கம் என்று மேலே சொன்னது இதைத்தான். இன்னொரு வேடிக்கை, வாசலுக்குப் பக்கத்தில் யாரோ சும்மா நிறுத்திவைத்த பலட்டும், தன்னை யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொரு தடவையும் "உள்ளேன் ஐயா" என்று ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தது.

உலோகத்துக்கென்றே முதுகில் இடைவெளி வைத்துத் தடிப்பாகச் செய்த டேக்குகள் கிடைக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சாதாரண டேக்கைவிட விலை பல மடங்கு. ஒரு முறை போய்த் திரும்பி வராத சாக்குக்கு அதை ஒட்டுவது கட்டுபடியாகாது. என் அபிப்பிராயம் கேட்டீர்கள், சொல்கிறேன். கொழும்பு ஏலத்தில் 1883இலிருந்து தேயிலை விற்பது தோட்டத்து மார்க், இன்வொய்ஸ் எண், கிரேட் என்று தொகுதியாகத்தான். ஒரு இன்வொய்ஸில் உள்ள பி.ஓ.பி. என்ற கிரேட் தேயிலைச் சாக்குகளுக்குள் ஐந்தாவது எது, ஆறாவது எது என்று வாங்குபவருக்கு அக்கறையில்லை. பலட்டுக்கு ஒரு டேக் போதும், அந்த எண்ணுக்குக் கீழே கணினியில் இன்வொய்ஸும் சாக்கு எண்ணிக்கையும் இருந்தால் சரி. சாக்கில் இப்போது அச்சடிக்கும் எழுத்தை ஒழுங்காக, மழையில் கரையாமல் அச்சடியுங்கள். வாங்குபவர் ஒவ்வொரு சாக்குக்கும்தான் டேக் வேண்டும் என்று நின்றால், செலவை யார் தருவது என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், ஒட்டி முடித்த பிறகு கேட்டால் பதில் வராது.

டேக் என்ன விலை வரும்? – லிந்துலை எழுதுவினைஞரின் பின்குறிப்பு

1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதற்காக ஆய்வு மையம் தொடங்கியவர்களின் கனவு, ஒரு டேக் ஐந்து அமெரிக்க சதம். பட்டரி இல்லாத சாதாரண டேக்கை இலட்சக்கணக்கில் வாங்கினால் இன்று அந்தப் பக்கம்தான் விலை. டேக்கின் விலையில் ஏமாறாதீர்கள், வாசலில் வைக்கும் ரீடரும் அன்டெனாவும்தான் இலட்சங்களில் வரும், அதற்கு மேல் மென்பொருள், அதைப் பழுதுபார்க்கக் கொழும்பிலிருந்து வருகிற ஆளின் வான் கூலி.

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். பிளாஸ்டிக் கூடைகள் போனால் திரும்புவதில்லை. டேக் போட்டால் பிடிக்கலாமா? – லொறிக்காரர்

கரட்டுக்கும் லீக்ஸுக்கும் டேக் வேண்டாம் அண்ணே, முழுக்கத் தண்ணீர், தண்ணீர் அந்த அலையை அப்படியே குடித்துவிடும். கூடைக்குப் போடலாம், அது நல்ல யோசனை. திரும்பத் திரும்பப் பாவிக்கும் கூடையில் ஒரு டேக்கின் விலை நூறு பயணத்துக்குப் பிரிந்துபோகும், வெளிநாட்டில் கூடை, ரோதை வண்டி, பலட் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டேக் ஜிபிஎஸ் இல்லை. கூடை தம்புள்ளையில் யாருடைய கடைக்குப் பின்னால் கிடக்கிறது என்று உங்கள் போனுக்குச் செய்தி வராது. எந்த ஆளிடம் எத்தனை கூடை கொடுத்தீர்கள், எத்தனை திரும்பியது என்று ஒவ்வொரு முறையும் ரீடர் எழுதிவைத்தால், யாரிடம் தங்குகிறது என்பது தெரியும். இருநூறு கூடைக்கு அதை ஒரு கொப்பியும் செய்யும். இரண்டாயிரம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசு வந்திருக்கிறது. அம்மா அட்டையைக் காட்டிவிட்டுக் கொழுந்தை வைப்பார். முன்பு 20 கிலோ பறித்த அம்மாவுக்கு இப்போது 17தான் விழுகிறது. கேட்டால் "மெஷின் பொய் சொல்லாது" என்கிறார்கள். நிஜமா? – மகள், டயகம

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பகுதியை எழுதவே உட்கார்ந்தேன் மகள்.

அங்கே மூன்று வேலை நடக்கிறது, மூன்றையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது, அட்டை. அதற்குள் இருப்பதும் நாம் பேசுகிற டேக்கின் சொந்தக்காரன்தான், சில அங்குலத் தூரத்தில் மட்டும் பேசும் வகை. அது சொல்வது "இவர் இன்னார்" என்று மட்டும். கிலோவைப் பற்றி அட்டைக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டாவது, தராசு. வைத்த பாரத்தைச் சொல்கிறது. சரியாகச் செட் பண்ணியிருந்தால் பழைய தூக்குத் தராசைவிட நியாயமாகவே சொல்லும், முள் எங்கே நிற்கிறது என்று இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க முடியாது. மூன்றாவதுதான் விஷயம். சாக்குப் பாரம், தண்ணிக் கழிவு, முற்றல் இலைக் கழிவு என்று எத்தனை கிலோ கழிப்பது? அதை மெஷின் தீர்மானிப்பதில்லை. ஒரு ஆள் கந்தோரில் உட்கார்ந்து ஒரு எண்ணை அடித்துவைக்கிறார், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவையிலும் மெஷின் அதை முகம் மாறாமல் கழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மெஷின் பொய் சொல்லவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது.

முன்பு கணக்கப்பிள்ளை பென்சிலால் எழுதும்போது, "என்ன ஐயா, வெயில் காயுது, எங்க தண்ணி?" என்று கேட்க முடிந்தது. அவர் முறைப்பார், சில நாள் ஒரு கிலோ கூட்டியும் போடுவார். இப்போது முறைக்கவும் ஆள் இல்லை. மழைநாளில் கழிக்கும் அதே இரண்டு கிலோவைப் பங்குனி வெயிலிலும் கழித்தால், அதைக் கவனிக்கிற கண் எங்கேயும் இல்லை. ஒரு கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாளின் வலி உங்கள் வீட்டுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

செய்யக்கூடியது இருக்கிறது. தராசின் சின்னத் திரையில் முதலில் வரும் எண் கழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை, பகல், பின்னேரம் மூன்று நிறுவையும் அந்த எண்ணைப் போனில் பதியட்டும், போன் இல்லாவிட்டால் கூடைப் பட்டியில் கரியால் கோடு போட்டாலும் போதும், கிழமை, மழை, வெயில் எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். அம்மா மட்டும் செய்தால் ஒருத்தியின் கதை என்பார்கள், அதே மலையில் பறிக்கிற ஐந்து பேர் செய்தால் கணக்கு. பிறகு தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "மெஷினில் கழிவு என்று எத்தனை போட்டிருக்கிறீர்கள், அது வெயில் நாளிலும் அதேதானா?" மெஷின் சரியா என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை எந்த ஆண்டுக்கானது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். அந்தக் கணினியில் அம்மாவின் ஒவ்வொரு நிறுவையும் நிமிடத்தோடு பதிவாகி இருக்கிறது. கழிவுக்கு முந்திய கிலோ, கழித்த கிலோ, மிச்சம் என்று மூன்றையும் ஒரு துண்டில் அச்சடித்துத் தர அந்த மெஷினுக்கு ஒரு நொடி போதும். பல மெஷின்களில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, துண்டுக் கடதாசி வாங்கிப் போடாமல் விட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், தோட்டத்தின் பெயரைப் போடாமல் வெளியிடுகிறேன்.

எங்கள் லயத்தில் மாட்டுக்குக் காதில் சில்லு வைத்த தோடு போடலாம் என்கிறார்கள். மாடு காணாமல் போனால் கண்டுபிடிக்கலாமா? – மஸ்கெலியா

முடியாது. அந்தத் தோடும் பட்டரி இல்லாத வகைதான், ஒரு முழத் தூரத்துக்குள் ரீடரைப் பிடித்தால் மாட்டின் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். தடுப்பூசி போட்டதா, எப்போது கன்று போட்டது, இது யாருடைய மாடு என்ற சண்டை, இதற்கெல்லாம் நன்றாக உதவும். காட்டில் மேய்கிற மாடு எந்தப் பக்கம் போனது என்று தெரிய வேண்டுமானால் கழுத்து மணியைக் கழற்றாதீர்கள்.